இங்கிலாந்து நாட்டுக் கிராமம்



இன்று இங்கு இங்கிலாந்து நாட்டுக் கிராம வாழ்க்கையைப் பற்றியும், அங்குள்ள வசதிகளைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல வேண்டுமென்று கேட்டுக் கொள்ளப்பட்டிருக்கிறோம். ஐயாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள ஊர்க்கதை நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஆனால் ஒரு ஊரில் தண்ணீர்க் குழாயும், பள்ளிக்கூடமும், ரோட்டும், விளக்கும் எப்படி வந்தன என்று விசாரிப்பது எந்த ஊர்க்காரருக்கும் உபயோகமான விசாரணையே ஆகும். நாம் சொல்லுவதையெல்லாம் அப்படியே ஒப்புக் கொண்டுவிட வேண்டாம். கேட்டு, யோசித்து, புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் வைத்துக் கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

படத்திலுள்ள கிராமம்

இங்கிலாந்துக் கிராமம் என்றால் காலண்டர் படங்களிலும் பிஸ்கோத்து டப்பாக்களின் மேலும் ஒரு காட்சி போட்டிருப்பார்கள். வைக்கோல் வேய்ந்த சிறு வீடுகள், வாசலில் ரோஜாக் கொடி, நடுவில் கூர்கோபுரம் வைத்த சர்ச்சு, எதிரில் பசும்புல் மைதானம், அதில் வெள்ளை உடுப்புடன் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள், பக்கத்தில் வாத்து நீந்தும் குளம். இதைப் பார்த்தவர்கள், "ஆகா, என்ன அமைதி! என்ன அழகு! கிராமமல்லவா சொர்க்கம்!" என்கிறார்கள். இப்படிச் சொல்லுகிறவர்களில் பெரும்பாலோர் பட்டணத்தில் குடியிருப்பவர்கள்.

தோழர்களே! அந்தப் படத்தில் குழாய் தெரியாது. சாக்கடை தெரியாது. அந்த வைக்கோல் வீட்டில் எத்தனை பேர் படுத்தார்கள், என்ன தின்றார்கள், வீட்டுக்காரன் "வெளியே போ" என்றால் எங்கே போனார்கள் என்பதும் தெரியாது. ஆகவே படத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு நடந்த சங்கதியைப் பார்ப்போம்.

பழைய கிராமத்தின் யோக்கியதை

சுமார் இருநூறு வருஷங்களுக்கு முன் இங்கிலாந்துக் கிராமம் பெரும்பாலும் இரண்டு பேர் கையில் இருந்தது. ஒருவர் "ஸ்கொயர்" என்னும் பெரிய மிராசுதார். மற்றவர் பாதிரியார். நிலமும் வீடும் அவருடையது. பரலோகத்துச் சாவி இவருடையது. நியாயம் விசாரிக்கும் மாஜிஸ்திரேட்டாகவும் பல இடங்களில் இவர்களே உட்கார்ந்தார்கள். பண்ணையாள் முறையிட வேண்டுமானால் எவர்மேல் முறையீடோ அவரிடமே போக வேண்டும்.

அதற்கு முன்பாவது ஏழைக்கு ஒரு சிறு ஆதரவு இருந்தது. ஊர்ப் பொது நிலத்தில் ஒரு பசுவை மேய்க்கலாம், சுள்ளி பொறுக்கலாம், நாலு வாத்து வளர்க்கலாம். அதையும் சட்டம் போட்டே வேலியடைத்தார்கள். 1604 முதல் 1914 வரையில் பார்லிமெண்டில் இப்படி 5,200-க்கு மேற்பட்ட அடைப்புச் சட்டங்கள் நிறைவேறின. அவற்றில் அடங்கிய நிலம் ஏறக்குறைய 68 லட்சம் ஏக்கர். பத்திரம் வைத்திருந்தவனுக்கு நிலம் கிடைத்தது. தலைமுறை தலைமுறையாக மேய்த்து வந்தவனுக்குப் பத்திரம் ஏது? சிலருக்குத் துண்டு நிலம் கிடைத்தும், அதற்கு வேலி போடச் செலவுக்கு வழியில்லாமல் விற்றுவிட்டுக் கூலிக்காரனானார்கள்.

பாதிரியார் பங்கையும் பாருங்கள். விளைச்சலில் பத்தில் ஒன்று "தசமபாகம்" என்று சர்ச்சுக்குப் போக வேண்டும். 1836-ல் இதைத் தானியத்திலிருந்து பணமாக மாற்றினார்களே ஒழிய எடுத்துவிடவில்லை. சர்ச்சைப் பழுது பார்க்கும் வரியை, அந்தச் சர்ச்சுக்குள் காலெடுத்து வைக்காத வேறு மதப் பிரிவினரும் 1868 வரையில் கட்டாயமாகக் கொடுத்து வந்தார்கள். செத்தால் ஊர்ச் சர்ச்சு மயானத்தில் புதைக்க அந்தச் சர்ச்சின் சடங்கே நடக்க வேண்டும் என்ற நிலைமை 1880-ம் வருஷத்துச் சட்டத்தினால்தான் மாறிற்று. உயிரோடிருக்கும்போது வரி, செத்த பிறகும் அதிகாரம்!

டால்பட்டில் ஆறு பேர்

இந்த நிலைமையில் கூலிக்காரன் வாய் திறந்தால் என்ன நடந்தது என்பதற்கு ஒரு உதாரணம் சொல்லுகிறோம். டார்செட் ஜில்லாவில் டால்பட்டில் என்று ஒரு சிறு கிராமம். அங்கே பண்ணையாட்களுக்கு வாரக்கூலி ஒன்பது ஷில்லிங். அதை எட்டாக்கினார்கள், பிறகு ஏழாக்கினார்கள், இனி ஆறுதான் என்றார்கள். ஜார்ஜ் லவ்லெஸ் என்பவரும் அவரது தோழர்களும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். சங்கம் வைப்பது அப்போது குற்றமல்ல. ஆகையால் அவர்களைப் பிடிப்பதற்கு வேறு ஒரு சட்டத்தைத் தேடினார்கள். மாலுமிகள் கலகம் செய்த காலத்தில், 1797-ல், இரகசியப் பிரமாணம் செய்வதைத் தடுக்கப் போட்ட சட்டம் ஒன்று கிடைத்தது. சங்கத்தில் சேரும்போது பிரமாணம் எடுத்தார்கள் என்று சொல்லி, 1834-ல் ஆறு பேருக்கு ஏழு வருஷம் தீவாந்தர சிட்சை விதித்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள்.

அந்த ஆறு பேரும் நாஸ்திகர்களல்ல. லவ்லெஸ் மெதடிஸ்டு சபையில் பிரசங்கம் செய்கிறவர். அந்தப் பக்தி அவரைக் காப்பாற்றவில்லை. அவரைக் காப்பாற்றியது எதுவென்றால், லண்டன் தெருக்களில் ஊர்வலம் போன தொழிலாளிகளும், விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்ட லட்சக்கணக்கான ஜனங்களுமேயாகும். 1836-ல் அரசாங்கம் மன்னிப்பளித்தது. குற்றமே செய்யாதவர்களுக்கு மன்னிப்பு!

அதே 1834-ல்தான் ஏழைகள் சட்டத்தையும் மாற்றினார்கள். வேலையில்லாதவன் உதவி வேண்டுமென்றால் "ஒர்க் ஹவுஸ்" என்னும் தரும விடுதிக்குள் போக வேண்டும். உள்ளே போனால் புருஷன் ஒரு பக்கம், பெண்சாதி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறொரு பக்கம். வெளியே பட்டினி கிடப்பதைவிட உள்ளே இருப்பது மோசமாகத் தோன்றும்படி வேண்டுமென்றே அப்படி அமைத்தார்கள். இதுதான் அந்த அழகிய படத்தின் பின்புறம்.

சாயங்காலம் ஆறு மணி

இது எப்படி மாறிற்று? மிராசுதார் மனம் இளகியதாலா? பாதிரியார் ஜெபித்ததாலா? இல்லை.

வாரிக்ஷயர் ஜில்லாவில் ஜோசப் ஆர்ச் என்று ஒரு பண்ணையாள். வேலி வெட்டுவதில் கெட்டிக்காரர். 1872 பிப்ரவரியில் வெல்ஸ்போர்ன் என்ற கிராமத்தில், ஒரு பெரிய மரத்தடியில், குளிர்கால இருட்டில் கூடிய பண்ணையாட்களிடையே அவர் பேசினார். அந்த வருஷமே தேசம் முழுவதற்குமான விவசாயக் கூலிகள் சங்கம் ஏற்பட்டது. 1884-ல் கிராமத்துக் குடும்பத் தலைவனுக்கும் ஓட்டு வந்தது. 1885-ல் அந்த வேலி வெட்டுகிறவரே பார்லிமெண்டு மெம்பரானார்.

ஓட்டு வந்த பிறகு நடந்ததைக் கவனியுங்கள். 1894-ல் "பாரிஷ் கவுன்சில்" சட்டம் வந்தது. அதற்கு முன் ஊர்க்காரியங்களைக் கவனித்து வந்தது சர்ச்சைச் சேர்ந்த ஒரு கூட்டம். அதற்குப் பாதிரியார் பதவியின் பேராலேயே தலைவர். புதுச்சட்டம் சர்ச்சுக் காரியம் சர்ச்சோடு, ஊர்க்காரியம் ஊரோடு என்று பிரித்துவிட்டது. முந்நூறு பேருக்கு மேலுள்ள கிராமத்துக்கு ஜனங்களே தேர்ந்தெடுக்கும் கவுன்சில். அதற்குக் குறைந்த ஊருக்கு எல்லா ஓட்டர்களும் கூடும் ஊர்க்கூட்டம். பெண்களும், கலியாணமான பெண்களுங்கூட, ஓட்டுக் கொடுக்கலாம், நிற்கலாம் என்றார்கள். பார்லிமெண்டுக்குப் பெண்கள் ஓட்டுக் கொடுப்பதற்கு 24 வருஷங்களுக்கு முன்பே கிராமத்தில் இது வந்துவிட்டது.

அந்தச் சட்டத்தில் ஒரு சிறு விதி உண்டு. ஊர்க்கூட்டம் சாயங்காலம் ஆறு மணிக்கு முன் ஆரம்பிக்கக் கூடாது. ஏன்? பகலில் கூட்டம் வைத்தால் மிராசுதாரும் பாதிரியாரும் வருவார்கள். பண்ணையாள் எப்படி வருவான்? அவன் கலப்பையை விட்டுவிட்டு வந்து உட்காரும் நேரத்தைச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். வேறு நல்ல இடம் கிடைக்கும்போது மதுக்கடையில் கூட்டம் வைக்கக் கூடாது என்றும் எழுதினார்கள். இந்த இரண்டு விதிகளும் இன்றைய சட்டத்திலும் இருக்கின்றன. ஓட்டர்கள் ஆறு பேர் சேர்ந்தால் போதும், தாங்களே ஊர்க்கூட்டத்தைக் கூட்டலாம். ஒரு சட்டம் யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பதை அதன் பெரிய வார்த்தைகளில் தேட வேண்டாம். இப்படிப்பட்ட சின்ன விதிகளில் தேடினால் தெரிந்து போகும்.

இன்று இங்கிலாந்தில் இப்படிப்பட்ட ஊர்ச் சபைகள் சுமார் பதினாயிரம் இருக்கின்றன. தெருவிளக்கு, பிள்ளைகள் விளையாடுமிடம், இடுகாடு, பஸ்ஸுக்கு நிற்கும் கொட்டகை, வழியில் உட்காரப் பலகை, காய்கறி பயிரிட வாடகைக்கு விடும் தோட்டத் துண்டு ஆகியவை இவர்கள் பார்க்கும் காரியங்கள். தோட்டத் துண்டு கொடுப்பது தயவல்ல. கேட்கிற ஜனங்கள் இருந்தால் சபை இடம் தேடிக் கொடுக்க வேண்டும் என்பது 1908-ம் வருஷத்துச் சட்டம். இவற்றுக்கு வேண்டிய பணத்தை வீட்டு வரியோடு ஒரு சிறு தொகை சேர்த்து வசூலிக்கிறார்கள். கணக்கை எந்த ஓட்டரும் கேட்டுப் பார்க்கலாம்.

ஒரே தபால் தலை

இனி வசதிகளைப் பார்ப்போம். முதலில் தபால். 1840-ல் ஒரு பென்னி தபால் ஏற்பட்டது. பக்கத்துத் தெருவுக்கானாலும் சரி, மலைமேலுள்ள ஒற்றைப் பண்ணைக்கானாலும் சரி, அதே ஒரு பென்னிதான். கடிதம் கொண்டு போகும் செலவு இரண்டுக்கும் ஒன்றா? இல்லவே இல்லை. பட்டணத்துக் கடிதங்களின் லாபத்தைக் கொண்டு மலைக் கடிதத்தின் நஷ்டத்தைச் சரிக்கட்டுகிறார்கள். தபால் தலைக்கு ஊருக்கு ஊர் விலை மாறாத இந்த ஏற்பாடு இன்றும் நடக்கிறது.

கிராமத்து வசதிகளின் இரகசியம் முழுவதும் இந்த ஒரு தபால் தலையில் அடங்கியிருக்கிறது. ஒரு கம்பெனிக்காரனை மூன்று வீட்டுக்காக இரண்டு மைல் கம்பி இழு என்றால் இழுப்பானா? மாட்டான். மாட்டாததற்கு அவன் கெட்டவன் என்பது காரணமல்ல. அவன் கணக்கில் அது தேறாது. எல்லோரும் சேர்ந்த பெரிய கணக்கில்தான் தேறும். மின்சாரம் பொதுவுடைமையாக்கப்பட்ட 1947-ம் வருஷத்துச் சட்டத்தில், கிராமங்களுக்கு மின்சாரத்தைக் கொண்டு போவதும் மின்சார போர்டுகளின் கடமை என்று எழுதினார்கள். அதற்கு முன் லண்டனில் வீதியெல்லாம் வெளிச்சமாயிருக்க, பல பண்ணை வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்து கொண்டிருந்தது. தண்ணீரும் அப்படியே. யுத்தம் நடந்த காலத்திலும் பல கிராமங்களில் கிணறும் கைப்பம்புந்தான். கக்கூசு என்றால் கொல்லையில் மண் கொட்டும் கொட்டகைதான். 1944-ல் கிராமங்களுக்குத் தண்ணீரும் சாக்கடையும் அமைக்க அரசாங்கமே பணம் கொடுக்கும் சட்டம் வந்தது.

படிப்பு. 1870-ல் பள்ளியில்லாத இடங்களில் ஜனங்கள் தேர்ந்தெடுத்த போர்டுகள் பள்ளி வைக்கலாம் என்றார்கள். 1880-ல் பிள்ளைகளை அனுப்புவது கட்டாயமாயிற்று. 1891-ல் ஆரம்பப் பள்ளிகளில் அநேகமாகச் சம்பளம் இல்லையென்றாயிற்று. அறுப்புக் காலத்தில் பிள்ளைகள் போய்விட்டால் கூலிக்கு யார் வருவார்கள் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. இன்று எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அதற்குரிய பள்ளி இரண்டு மைலுக்கு மேல் இருந்தால், பெரிய பிள்ளைக்கு மூன்று மைலுக்கு மேல் இருந்தால், போக வர வண்டி வசதியை ஜில்லா நிர்வாகம் இலவசமாகச் செய்து கொடுக்க வேண்டும்.

கேம்பிரிட்ஜ் ஜில்லாவில் ஹென்றி மாரிஸ் என்ற கல்வி அதிகாரி இதற்கும் மேலே போனார். கிராமத்துப் பள்ளிக்கூடம் சாயங்காலம் பூட்டிக் கிடப்பானேன் என்று கேட்டார். பகலில் பிள்ளைகள் படிக்க, இரவில் பெரியவர்கள் படிக்க, அதே இடத்தில் புத்தகசாலை, பேச்சு மண்டபம், கைத்தொழில் அறை எல்லாம் சேர்ந்த "கிராமக் கல்லூரி" ஒன்றை 1930-ல் சாஸ்டன் என்ற ஊரில் திறந்தார்கள். 1939-ல் இம்பிங்டனில் திறந்த கட்டடத்தை வரைந்தவர்களில் ஒருவர் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் ஜெர்மனியை விட்டு வந்த பெரிய சிற்பி வால்டர் குரோப்பியஸ். பட்டணத்துக்குச் செய்ததில் மிஞ்சியதைக் கிராமத்துக்குக் கொடு என்று மாரிஸ் சொல்லவில்லை. முதல்தரமானதையே கொடு என்றார்.

வைத்தியம். 1948 ஜூலை 5-ந் தேதி முதல் இங்கிலாந்தில் டாக்டரிடம் போகக் காசு வேண்டியதில்லை. மருந்துக்கடை ஒரு மைலுக்கு அப்பாலிருந்தால், கிராமத்து டாக்டர் தம்மிடமே மருந்து கொடுக்கவும் அனுமதி பெறலாம். 1909 ஜனவரி முதல் எழுபது வயதான ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் பென்ஷன் கிராமத் தபாலாபீசிலேயே கிடைத்தது. விடுதிக்குள் போய்ச் சாக வேண்டிய கிழவி, தன் வீட்டடுப்பில் தானே கஞ்சி காய்ச்சிக் குடிக்க அந்த ஐந்து ஷில்லிங் உதவிற்று.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. "பெண்கள் இன்ஸ்டிட்யூட்" என்னும் சங்கம் கனடா தேசத்தில் 1897-ல் தோன்றி, 1915-ல் பிரிட்டனுக்கு வந்தது. ஜாம் காய்ச்சுகிற சங்கம் என்று ஆண்கள் பரிகாசம் செய்தார்கள். ஆனால் தண்ணீர் தூக்குகிறவள் யார்? பெண். ஆகையால் குழாய் வேண்டுமென்று கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்து வற்புறுத்தியதும் அந்த ஜாம் காய்ச்சுகிற பெண்களேயாவார்கள்.

வந்தது போகவும் செய்யும்

இதுவரை கேட்டவர்கள், இனிமேல் அங்கே குறையே இல்லை போலும் என்று நினைத்துவிடக் கூடாது. வந்த வசதி போகவும் செய்யும். லாப நஷ்டம் ஒன்றையே பார்த்தால் முதலில் அடிபடுவது கிராமந்தான்.

1963-ல் டாக்டர் பீச்சிங் என்பவர் ரயில்வே கணக்கைப் பார்த்து, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஸ்டேஷன்களை மூடலாம் என்று அறிக்கை கொடுத்தார். அவற்றில் பெரும்பாலானவை மூடப்பட்டன. ரயில் போனால் பஸ் இருக்கிறது என்றார்கள். 1986-ல் லண்டனுக்கு வெளியே பஸ்ஸையும் போட்டிக்கு விட்டார்கள். லாபமுள்ள வழிக்கு ஓடினார்கள். மற்ற வழிகளில் ஜில்லா நிர்வாகம் பணம் கொடுத்தால் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். இன்று வயதானவர்களுக்குப் பஸ்ஸில் காசில்லாமல் போகச் சீட்டு உண்டு. ஆனால் பஸ் வராத ஊரில் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கார் இல்லாத கிழவனுக்கும், கார் ஓட்டும் வயது வராத பிள்ளைக்கும் கிராமம் ஒரு சிறைபோல ஆகிறது.

வீட்டு விஷயம் இன்னும் மோசம். 1919 முதல் ஜில்லா சபைகள் கட்டி வாடகைக்கு விட்ட வீடுகளில்தான் பண்ணையாட்கள் முதன்முதல் பயமின்றிக் குடியிருந்தார்கள். முதலாளி கொடுத்த வீட்டில் வேலை போனால் வீடும் போய்விடும்; அதற்குத் தக்க பாதுகாப்பு 1976-ல்தான் கிடைத்தது. 1980-ல் சபை வீடுகளைக் குடியிருப்பவர்களே வாங்கலாம் என்று சட்டம் செய்தார்கள். வாங்கியவருக்கு லாபந்தான். ஆனால் விற்ற அளவுக்குப் புதிதாகக் கட்டவில்லை. இதற்கிடையில் லண்டன் பணக்காரர் படத்தில் பார்த்த கிராமத்தைத் தேடி வந்து, வருஷத்தில் சில வாரம் தங்குவதற்கு ஒரு வீடு வாங்குகிறார். கார்ன்வால் கடற்கரை ஊர்களில் குளிர்காலத்தில் தெருத் தெருவாக இருண்ட ஜன்னல்கள். அந்த ஊரிலேயே பிறந்து, மீன் பிடித்து, ஆஸ்பத்திரியில் தாதி வேலை செய்கிறவர்களுக்கு அங்கே குடியிருக்க இடமில்லை. இரண்டாவது வீட்டுக்கு இரட்டை வரி போட 2025 ஏப்ரல் முதல் உள்ளூர் ஆட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். அன்று பொதுநிலத்துக்கு வேலி போட்டது சட்டம். இன்று ஊருக்கே வேலி போடுகிறது விலை. வேலி கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எந்திரமும் வேதவாக்கும்

கிராமத் தபாலாபீசில் நடந்த ஒரு கொடுமையையும் சொல்ல வேண்டும். 1999 முதல் பிரிட்டன் தபாலாபீசுகளில் "ஹொரைசன்" என்னும் கம்ப்யூட்டர் கணக்கு வைத்தார்கள். அது தப்புத் தப்பாகப் பணம் குறைவதாகக் காட்டிற்று. குறைவை நீ கட்டு என்றார்கள். கட்டாதவர்மேல் திருட்டு, பொய்க் கணக்கு என்று வழக்குப் போட்டார்கள். 2015 வரையில் 900-க்கு மேற்பட்டவர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். அவர்களில் இந்தியாவிலிருந்து போய்க் கடை வைத்துப் பிழைத்தவர்களும் பலர். சர்ரே ஜில்லாவில் ஒரு இந்தியப் பெண்ணைக் கர்ப்பமாயிருக்கும்போதே சிறையில் வைத்தார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கம்ப்யூட்டர் சரியாகவே வேலை செய்கிறது என்று கோர்ட்டு முதலில் நம்பிக் கொள்ள வேண்டும். தப்பென்று சொல்லுகிறவனே அதைக் கிளப்பிக் காட்ட வேண்டும் என்பது சட்டமாயிருந்தது. உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாத கடைக்காரன் எப்படிக் காட்டுவான்? "வேதத்தில் சொல்லியிருக்கிறது" என்பதற்கும், "எந்திரத்தில் வந்திருக்கிறது" என்பதற்கும் என்ன பேதம்? கேள்வி கேட்கக் கூடாது என்று ஆனபிறகு இரண்டும் ஒன்றுதான்.

ஹாம்ப்ஷயரில் சவுத் வார்ன்பரோ என்ற கிராமத்தில் கடையும் தபாலும் நடத்திய ஜோ ஹாமில்டன் என்ற அம்மையாருக்கும் இது நேர்ந்தது. சிறைக்குப் பயந்து, செய்யாத பொய்க் கணக்கைச் செய்ததாக அவர் ஒப்புக் கொண்டார். ஆனால் அந்த ஊர் ஜனங்கள் என்ன செய்தார்கள்? எந்திரத்தை நம்பாமல், தினமும் பார்த்துப் பழகிய பெண்ணை நம்பினார்கள். பணம் வசூலித்துக் கொடுத்தார்கள். கோர்ட்டுக்குக் கூடவே போனார்கள். 2021 ஏப்ரலில் அப்பீல் கோர்ட்டு அவரும் மற்றும் 38 பேரும் குற்றமற்றவர்கள் என்று தீர்ப்பளித்தது. 2024-ல் பார்லிமெண்டு தனிச்சட்டம் செய்து நூற்றுக்கணக்கானவர்களின் தண்டனையை ஒரேயடியாக ரத்து செய்தது. இலண்டனிலிருந்த பெரிய பெரிய அதிகாரிகளுக்கு எட்டாத உண்மை ஒரு சிறு கிராமத்துக்கு எட்டிற்று. ஏன்? அங்கே மனிதனை மனிதன் அறிந்திருந்தான்.

ஊரே முதலாளி

போன வசதியை அந்தக் கிராமத்தார் எப்படித் திரும்பச் சம்பாதிக்கிறார்கள் என்பதைச் சொல்லி முடித்துக் கொள்ளுகிறோம்.

கடை மூடினால், ஊரார் பங்கு போட்டுக் கடையைத் தாங்களே நடத்துகிறார்கள். ஆளுக்கு ஒரு ஓட்டு; பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஓட்டு ஒன்றுதான். முறை வைத்துச் சம்பளமில்லாமல் கடையில் நிற்கிறார்கள். இப்படிப்பட்ட ஊர்க்கடைகள் பிரிட்டனில் நானூறுக்கு மேல் நடக்கின்றன. சில ஊர்களில் சர்ச்சுக்குள்ளேயே ஒரு பக்கம் கடையோ தபாலாபீசோ வைத்திருக்கிறார்கள். 2021 ஜனத்தொகைக் கணக்கில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நூற்றுக்கு 37 பேர் தங்களுக்கு மதமில்லை என்று எழுதிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் வந்து உட்காரும் கட்டடம், மற்ற ஆறு நாளும் எல்லோருக்கும் உப்பும் ரொட்டியும் கொடுத்தால் அது நல்ல உபயோகமே.

"பப்பு" என்னும் மதுச்சாவடியை வெறுங் கள்ளுக்கடை என்று நினைக்க வேண்டாம். ஊரார் கூடிப் பேசும் சாவடி அதுதான். கம்பர்லாந்து மலைப்பக்கத்தில் ஹெஸ்கட் நியூமார்க்கெட் என்ற கிராமத்தார் தங்கள் சாவடி வெளியார் கைக்குப் போய்விடாமல், நூறு பேருக்கு மேல் பணம் போட்டு 2003-ல் வாங்கினார்கள். ஊருக்கு வேண்டியது என்று முன்னமே பதிவு செய்த இடம் விலைக்கு வந்தால், ஊரார் பணம் சேர்க்க ஆறு மாதம் தவணை கொடுக்க வேண்டும் என்று 2011-ல் சட்டமே ஆயிற்று. சாமர்செட்டில் வெஸ்ட்பரி என்ற கிராமத்துக்குப் புத்தக வண்டி வருவது நின்றபோது, உபயோகமற்றுப் போன சிவப்பு டெலிபோன் கூண்டை ஒரு பவுனுக்கு வாங்கிப் புத்தகம் அடுக்கினார்கள். ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்க வேண்டும்.

லங்காஷயரில் நடந்ததே நமக்கு மிகவும் பிடித்தது. இண்டர்நெட்டுக் கம்பி இழுக்க அந்தப் பள்ளத்தாக்குகளுக்குக் கம்பெனிகள் வரவில்லை. 2011-ல் ஊரார் ஒரு சங்கம் பதிவு செய்து, பங்கு விற்று, நிலக்காரர்கள் காசு வாங்காமல் வழிவிட, ஆணும் பெண்ணும் மண்வெட்டி எடுத்துத் தாங்களே வாய்க்கால் வெட்டிக் கம்பி புதைத்தார்கள். பட்டணத்தில் பலருக்கு அப்போது இல்லாத வேகம் ஆட்டுப் பட்டிகளுக்கு வந்து சேர்ந்தது. கம்பெனி கணக்கில் தேறாதது ஊர்க் கணக்கில் தேறிற்று.

ஆனால் ஒன்று. ஊரே செய்து கொள்ளட்டும் என்று சொல்லி சர்க்கார் கை கழுவிக்கொள்ள இதை ஒரு சாக்காக்கி விடக் கூடாது. படித்தவர்களும் ஓய்வுள்ளவர்களும் உள்ள ஊரில் கடை நடக்கும். ஓய்வில்லாத கூலிக்காரர் ஊரில் யார் முறை நிற்பார்கள்? ஆகவே இரண்டும் வேண்டும். சட்டமும் வேண்டும், சங்கமும் வேண்டும். பொது வரியும் வேண்டும், சொந்த மண்வெட்டியும் வேண்டும்.

தோழர்களே! வைக்கோல் கூரையும் ரோஜாக் கொடியும் அந்த ஊரை வாழத் தக்கதாக்கவில்லை. கூலி கேட்டுக் கப்பலேறிய ஆறு பேரும், மரத்தடியில் பேசிய வேலிக்காரரும், குழாய்க்குக் கணக்கெடுத்த பெண்களும், சாயங்காலம் ஆறு மணிக்கு வேலை முடிந்து கூட்டத்துக்கு வந்து கையைத் தூக்கிய கூலிக்காரருமே அதை வாழத் தக்கதாக்கினார்கள். அப்படிப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த ஊரில் குடியிருக்க ஒரு வீடு கிடைக்குமா என்பதுதான் இன்று அங்குள்ள கேள்வி. அதற்கும் பதில் வானத்திலிருந்து வரப்போவதில்லை. கேட்கிறவர்கள் கூடிக் கேட்டால்தான் வரும்.